முதல்முறையாக இன்ஃப்ராரெட் ஃபில்டர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டு, மற்றதைத் தடுக்கும் கண்ணாடி) போட்டுப் படம் எடுக்க, கையிலிருக்கும் சாதாரண கேமரா போதுமா? செலவுக்குத் தகுமா?

போதும். டிரைபாடும் நல்ல வெயிலும் இருந்தால் செலவுக்கும் தகும்.

ஃபில்டர் வாங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இன்ஃப்ராரெட் ஒளியில் வேலை செய்யும் டிவி ரிமோட்டை லென்ஸுக்கு நேரே நீட்டி, பட்டனை அழுத்தியபடியே ஒரு படம் எடுங்கள். ரிமோட்டின் முனையில் வெளிச்சப் புள்ளி பளிச்சென்று விழுந்தால் உங்கள் கேமரா இதற்குத் தோதானது. மங்கலாக விழுந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். கேமராவுக்குள் படத்தைப் பதியும் சிலிக்கான் சென்சாரால் ஏறக்குறைய 1,100 நானோமீட்டர் அலைநீளம் வரை பார்க்க முடியும், நம் கண்ணுக்குச் சுமார் 700 வரைதான். ஆனால் நிறம் கெட்டுவிடும் என்பதால் சென்சாருக்கு முன்னால் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் ஒரு தடுப்புக் கண்ணாடி வைத்துவிடுகிறார்கள். அது எவ்வளவு கறார் என்பது மாடலுக்கு மாடல் மாறும். நிக்கான் டி70 போன்ற பழையவற்றில் கொஞ்சம் தளர்வு. 2006இல் வந்த லைக்கா எம்8இல் ரொம்பவே தளர்வு. கறுப்பு சிந்தடிக் துணியெல்லாம் ஊதாச் சாயலில் வர, கம்பெனியே வாங்கியவர்களுக்குத் தடுப்பு ஃபில்டர் கொடுத்தது. இன்ஃப்ராரெட் பைத்தியங்களுக்கு அந்தக் குறையே வரம்!

நான் வாங்கிய ஃபில்டர் ஹோயா ஆர்72. சுமார் 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடும். கையில் பார்த்தால் கறுப்புக் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். அதை நம்பி அதன் வழியாகச் சூரியனைப் பார்த்துவிடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத ஒளி தாராளமாக உள்ளே வரும்.

முதலில் கொண்டுபோனது பொள்ளாச்சி, ஆழியாறு பக்கத் தென்னந்தோப்புகளுக்கு. உச்சி வெயிலில்தான் போனேன். வழக்கமாகக் கேமராவைப் பைக்குள் வைத்துவிடும் அந்த நேரம்தான் இதற்கு நல்ல நேரம். ஃபில்டரைப் போட்டுவிட்டால் டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. அதனால் முதலில் ஃப்ரேம் வைத்து, ஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றி, அப்புறம்தான் ஃபில்டரைத் திருக வேண்டும். ஃபோகஸ் ரிங் நகராமல் திருகுவது ஒரு கைப்பழக்கம். வியூஃபைண்டரை ஒரு கைக்குட்டையால் மூடிவிடுங்கள், நீண்ட எக்ஸ்போஷரில் பின்பக்கமாகவும் வெளிச்சம் கசியும்.

ஐஎஸ்ஓ 400, எஃப்/8, இருபது விநாடி என்று ஆரம்பித்தேன். திரையில் வந்தது முழுக்க ரத்தச் சிவப்பு. அது அப்படித்தான் வரும். வெயிலில் இருக்கும் பச்சைப் புல்லைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் கஸ்டம் வொயிட் பேலன்ஸ் வைத்ததும் படம் உயிர் பெற்றது: தென்னங்கீற்று வெள்ளை வெளேரென்று, வானம் இருண்டு, அணைத் தண்ணீர் கிட்டத்தட்டக் கறுப்பாக. வெறுங்கண்ணுக்கு மூட்டமாக இருந்த மலைவரிசைகூடத் தெளிவாக வந்திருந்தது. நீண்ட அலைநீளம் காற்றில் குறைவாகச் சிதறுவதால்தான் இப்படி.

அதே படத்தில் ஒரு மோட்டார் ரூம் கதவு, பச்சை பெயின்ட் அடித்தது. அதைச் சுற்றியிருந்த செடிகளெல்லாம் வெளுத்திருக்க, கதவு மட்டும் கறுத்துக் கிடந்தது. இலை வெளுப்பது பச்சையாக இருப்பதால் அல்ல. பச்சையம் இந்த ஒளியை விழுங்காது. இலைக்குள் இருக்கும் செல்களும் காற்று இடைவெளிகளும் அதைத் திருப்பி அடித்துவிடும். பெயின்ட்டுக்கு ஏது அந்த அமைப்பு? இரண்டாம் உலகப் போரில் மறைப்பு வலைகளைக் காட்டிக்கொடுக்கும் ஃபிலிம் செய்ததும் இதை வைத்துத்தான். “சூடு தெரியுமா?” என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். தெரியாது. இது திரும்பி வரும் வெயில்தான், தெர்மல் கேமராவின் சங்கதி வேறு.

பொள்ளாச்சியில் ஒரு வம்பு உண்டு, காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து மோதும். இருபது விநாடியில் மரம் கூர்மையாக நிற்க, கீற்று மட்டும் பஞ்சாகக் கலைந்துவிடும். எனக்கு அது பிடித்தது. பிடிக்காவிட்டால் காற்றில்லாத நாளாகப் பாருங்கள்.

லென்ஸ் விஷயத்தில் கவனம் தேவை. சிலவற்றில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் விழும். அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தைச் சுருக்கச் சுருக்க அது மோசமாகும். உங்கள் லென்ஸ் அந்த ரகமா என்று முன்பே தேடிப் பாருங்கள். எஃப்/5.6, எஃப்/8 பக்கமே இருந்துவிடுவது நல்லது.

ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள். படம் திருத்தும் லைட்ரூம் சாஃப்ட்வேரில் வொயிட் பேலன்ஸ் 2,000 கெல்வினுக்குக் கீழே இறங்காது, சிவப்பு போகாமல் அடம்பிடிக்கும். கேமரா கம்பெனியின் சொந்த சாஃப்ட்வேரில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஃபோட்டோஷாப் சேனல் மிக்ஸரில் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினால் வானம் நீலமாகும். ஆளுக்கு ஆள் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் நாலு படத்தில் அலுத்துவிடும். கறுப்பு வெள்ளைதான் நிற்கிறது.

கேமராவைத் திறந்து தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிடும் கன்வர்ஷனுக்கு இப்போதே போகாதீர்கள். செய்துவிட்டால் கையில் பிடித்தே எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்தக் கேமராவை அப்புறம் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஃபில்டரோடு ஒரு கோடையைக் கழித்த பிறகும் ஆசை இருந்தால், பழைய செகண்ட்ஹேண்ட் பாடி ஒன்றைப் பிடித்து அதில் செய்யுங்கள்.