சம்பளத்துக்குப் போவது தோல்வியா?

அன்புள்ள ஐயா,

எனக்கு 38 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என்னோடு கைமடியாக, அதாவது தையல்காரருக்கு உதவியாளாகச் சேர்ந்த நண்பன் இன்று மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறான். வீடு, கார் எல்லாம் வந்துவிட்டன. அவனைப் பார்ப்பதையே தவிர்க்கிறேன். விசேஷ வீடுகளில் "இன்னும் சம்பளத்துக்குத்தானா?" என்று கேட்கிறார்கள். சென்னிமலைப் பக்கம் அப்பாவுக்குக் கீழ்பவானிப் பாசன பூமி இருக்கிறது. அதை அடமானம் வைத்து நானும் இறங்கட்டுமா?

பெயர் வேண்டாம், அவிநாசி

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கேள்வி வலிக்கத்தான் செய்யும். நேற்றுத் தொழிலாளி, இன்று முதலாளி என்ற கதை திருப்பூரில் வீட்டுக்கு வீடு சொல்லப்படுகிறது. அது பொய்யில்லை; பலர் அப்படித்தான் மேலே வந்தார்கள். ஆனால் இறங்கிப் பார்த்து, மெஷின்களை விற்றுவிட்டு, மறுபடி சம்பளத்துக்குப் போனவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, சாயத்தோடு நேரடித் தொடர்பே இல்லாத சிறு யூனிட்காரர்களும் வேலை வராமல் தவித்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் ஆர்டர்கள் தேங்கின. அவர்களெல்லாம் சோம்பேறிகளா? அவர்களை அப்படிச் சொல்ல மாட்டீர்கள். உங்களை மட்டும் ஏன் சொல்லிக்கொள்கிறீர்கள்? அடுக்கி விரித்த துணியில் கட்டிங் மாஸ்டரின் கை பிசகினால் மொத்த அடுக்கும் வீண். அந்தக் கையை நம்பித்தான் ஒரு கம்பெனி ஓடுகிறது.

உங்கள் அப்பாவைக் கேளுங்கள். கீழ்பவானி ஆயக்கட்டு, அதாவது அந்தக் கால்வாய் பாயும் நிலம், 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் போதாது. அதனால் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்டில் நெல்லுக்கும், மறுபாதிக்கு ஜனவரியில் கடலை, எள்ளுக்கும் விடுகிறார்கள். அடுத்த ஆண்டு மாற்றி விடுகிறார்கள். பக்கத்து மதகில் நாற்று நடும்போது தன் காடு காய்ந்து கிடந்தால், அதற்காக எந்த விவசாயியும் தன்னை மட்டமாக நினைப்பதில்லை. வாழ்க்கையில் முறை கட்டாயம் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி யாரும் கொடுக்க முடியாது. ஆனால் நண்பனின் பசுமை உங்களிடமிருந்து எடுக்கப்பட்டதல்ல. அவனை இழந்துவிடாதீர்கள்.

பூமியை அடமானம் வைக்கவே வேண்டாம். ஜாப் ஒர்க்கில் தைத்துக் கொடுத்த பணம் கைக்கு வர நாளாகும். தையல்காரர்களுக்கோ சனிக்கிழமை சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். அந்த இடைவெளியை எத்தனை வாரம் உங்கள் சேமிப்பில் தாங்க முடியும் என்று எழுதிப் பாருங்கள். நண்பனிடமே கணக்குக் கேளுங்கள், சொல்லித் தருவான். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், அது உறவினர்களின் ஆசையாக இல்லாமல் உங்களுடையதாகவே இருந்தால், இரண்டு மெஷினில் தொடங்குங்கள்.