ஈயக் கையுறை போட்டும் மோதிர டோசிமீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது

கையை எக்ஸ்ரே கதிருக்கு வெளியே எடுங்கள், அளவு இறங்கும். மட்டக்களப்பில் கால் எலும்புக்கு ஆணி பூட்டும் சத்திரசிகிச்சையின்போது, ஈயக் கையுறை போட்டும் மோதிர டோசிமீட்டர் (விரலில் படும் கதிரை அளக்கும் மோதிரம்) கூடுதலாகக் காட்டுகிறது என்கிறீர்கள். அநேகமாகக் கையுறையோடு கை படத்துக்குள் போகிறது. ஈயம் குறுக்கே வந்தால், படம் தெளியட்டும் என்று சி-ஆர்ம் (சத்திரசிகிச்சையின்போது படம் காட்டும் எக்ஸ்ரே கருவி) தானாகவே கதிரைக் கூட்டும். நோயாளிக்கும் அது கூடுதல்தான்.

சேமித்த படங்களைத் திறந்து பாருங்கள். ஆணிக்குப் பக்கத்தில் உங்கள் விரல் எலும்பு தெரிகிறதா? நான் அம்பாறைப் பக்கம் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராபர். அந்த விரலைப் பார்த்தால் மனம் பதறும். நீளமான இடுக்கியால் பிடியுங்கள். கை விலகிய பிறகே "படம் எடுங்கோ" என்று சொல்லுங்கள். எக்ஸ்ரே குழாய் மேசைக்குக் கீழே இருக்கட்டும்.

அதற்காகக் கையுறையைக் கழற்றிவிட வேண்டாம், நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வரும் கதிரைத் தடுக்க ஓரளவு உதவும். அப்புறம், மோதிரம் கையுறைக்கு உள்ளேதானே இருக்கிறது? வெளியே என்றால் அந்த அளவு விரலுக்கு உரியதல்ல. கதிரோடு வேலை செய்பவரின் கைக்கு ஆண்டு எல்லை 500 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு).