படம் காட்டிப் பழக்கினால் பிள்ளைக்குப் பேச்சு வராமல் போய்விடுமா?

உங்கள் 4 வயது மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, படங்களை வைத்துப் பழக்கினால் அது இன்னும் தள்ளிப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளிப்போகாது. இதே பயத்தில் நான் ஒன்றரை வருடத்தை இழந்தவள். படம், சைகை, கருவி வழியாகப் பழகியவர்களைப் பற்றி 2006இல் வந்த ஆய்வுத் தொகுப்பில், ஒருவருக்கும் இருந்த பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியது. அதற்காகப் படம் கட்டாயம் பேச்சைக் கொண்டுவரும் என்றும் சொல்ல மாட்டேன். என் மகனுக்கு வயது 8. இன்றும் நாலைந்து சொல்தான்.

நாங்கள் சேலம் அம்மாபேட்டை. முதலில் கடைச் சார்ட் ஒன்றை வாங்கி மாட்டினேன். அதில் பால் கண்ணாடிக் கிளாசில் இருந்தது. எங்கள் வீட்டிலோ சில்வர் டம்ளர். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அவன் டம்ளர், அவன் போர்வை, தெருமுனைத் தட்டுவடை செட் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டு, வெல்க்ரோ ஒட்டினோம். "வாயில்லாத புள்ளைன்னு எழுதி மாட்டறியா கண்ணு?" என்று அத்தை அழுதார்.

பழக்கிய விதம் 'பெக்ஸ்' (PECS), அதாவது படத்தைக் கையில் கொடுத்து வேண்டியதைக் கேட்கப் பழக்கும் முறை. 1985இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கியது. தொடக்கத்தில் இரண்டு பேர் வேண்டும். நான் எதிரே தட்டுவடையோடு உட்காருவேன். அவன் அப்பா பின்னாலிருந்து, வாய் திறக்காமல், அவன் கையைப் பிடித்து அட்டையை என் கையில் கொடுக்க வைப்பார். "தட்டுவடை!" என்று சொல்லி உடனே தந்துவிடுவேன். "சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" என்று இழுத்தடிக்கவே கூடாது. சில வாரங்களில் பின்னாலிருந்த கை தேவைப்படவில்லை.

ஆனால் தின்பண்டத்தோடு நின்றுவிடாதீர்கள். 'வேண்டாம்', 'நிறுத்து', 'இன்னும்', 'உதவி' இவையும் வேண்டும். 'வேண்டாம்' கொடுத்த பிறகும் நாம் ஊட்டினால் அந்த அட்டையை அவன் எதற்கு நம்ப வேண்டும்? நீங்களும் பேசும்போதே படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். நாம் பேசக் கேட்டுத்தானே மற்ற பிள்ளைகள் பேசுகிறார்கள்.

அட்டைப் பை எப்போதும் அவன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முன்பு படித்த பள்ளியில் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். இன்றும் வயிறு எரிகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொடர்பு என்பதற்குச் சொல்லும் பொருளிலேயே இந்த மாற்று வழிகளும் அடங்கும். தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி, படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைத் தமிழிலும் பேசும், வசதிப்பட்டால் பாருங்கள்.

போன மே மாதம் ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவு. முன்பெல்லாம் மலையேறி முடியும்வரை அலறுவான், தலையைக் கண்ணாடியில் முட்டுவான். ஏனென்று தெரியாமல் நானும் அழுவேன். இந்த முறை பாதி மலையில் என் மடியில் ஓர் அட்டை விழுந்தது. 'நிறுத்து'. அவன் அப்பா காரை ஓரங்கட்டியதும் இறங்கி வாந்தி எடுத்தான். வாய் கொப்பளித்து, கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றான். பிறகு அவனே பையைத் துழாவி 'போகலாம்' எடுத்து அப்பா கையில் வைத்தான். அன்றிரவே வாந்திக்கு ஒரு படம் சேர்த்தோம்.