ஆமாம், அனுப்பவில்லை

ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஒத்துக்கொள்வதையும் மறுப்பதையும் ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குகிறேன். ‘ஐ அக்ரீ வித் யூ’, ‘ஐ டோன்ட் திங்க் ஸோ’, ‘யெஸ், பட்’ எல்லாவற்றையும் சார்ட்டில் எழுதி ஒட்டியாயிற்று. பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் விவாதம் என்று வைத்தால் எல்லோரும் ‘எஸ் மிஸ்’தான். சிலர் ‘ஐ ஆம் அக்ரீ’ என்கிறார்கள். உச்சரிப்பும் சரியில்லை. நல்ல புத்தகம் ஏதாவது சொல்வீர்களா? மொழி பற்றி நீங்கள் எழுதும் எல்லாவற்றோடும் நான் முழுமையாக உடன்படுகிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

உச்சரிப்பை விடுங்கள். ‘ஐ ஆம் அக்ரீ’யையும் விடுங்கள், பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும்கூட அதே தப்பைச் செய்கிறார்கள். சரியானது காதில் விழ விழப் போய்விடும். நான் நின்றுவிட்டது ‘எஸ் மிஸ்’ என்ற இடத்தில்.

1996இல் சென்னையில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். லண்டனிலிருந்து போன். “ஹேவன்ட் யூ சென்ட் த சாம்பிள்ஸ்?” அனுப்பவில்லை. ஆகவே “எஸ் சார்” என்றேன். அவர் “குட்” என்று வைத்துவிட்டார். இதில் குட் என்ன இருக்கிறது என்று யோசிக்காமல் டீ குடிக்கப் போனேன். பத்து நாள் கழித்துச் சூடாக ஒரு ஃபேக்ஸ் வந்தது. மேலாளர் நிற்கவைத்துக் கேட்டார்: “அனுப்பலைன்னு ஏன்யா சொல்லல?” “சொன்னேனே சார்.” உண்மையாகவே சொன்னேன். என்ன, தமிழில் சொல்லியிருந்தேன்.

‘அனுப்பலையா?’ என்றால் நாம் ‘ஆமா, அனுப்பல’ என்போம். கேட்டவர் நினைத்தது சரி என்று அவருக்கு ஆமாம் போடுகிறோம். ஆங்கிலத்தில் கேட்டவர் கணக்கிலேயே இல்லை. அனுப்பினால் எஸ், அனுப்பாவிட்டால் நோ, கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டாலும் சரி. ஜப்பானியர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். ‘இல்ல, அனுப்பல’ என்றும் நாம் சொல்வதுண்டு, அதில் ஆபத்தில்லை. மாட்டிவிடுவது அந்த ‘ஆமா’.

அனுப்பியிருந்தால்? ‘அனுப்பிட்டேனே’ என்போம். ஆமாமும் கிடையாது, இல்லையும் கிடையாது. கடைசியில் வருகிற அந்த ஒற்றை ஏகாரம் மறுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது குரலின் அழுத்தம்: “பட் ஐ டிட்!” அந்த ‘டிட்’தான் நம் ஏகாரம். இதை உங்கள் சார்ட்டில் எப்படி ஒட்டுவீர்கள்? அழுத்தத்துக்கு எழுத்து ஏது?

இப்போது கொஞ்சம் திட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் தமிழிலாவது ஒரு பிள்ளை ‘இல்ல மிஸ், அது தப்பு’ என்று சொல்லியிருக்கிறதா? சொன்னால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘எதிர்த்துப் பேசுவது’. அது ஒரு குற்றத்தின் பெயர். எட்டு வருடம் அதற்காக முட்டிபோட வைத்துவிட்டு, ஒன்பதாவது வருடம் ஆங்கிலத்தில் மட்டும் எதிர்த்துப் பேசு என்றால் பிள்ளை என்ன செய்யும்? நீங்களே, நான் எழுதும் எல்லாவற்றோடும் உடன்படுகிறீர்கள். எல்லாவற்றோடுமா? நானே உடன்படுவதில்லையே, டீச்சர்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்திலேயே ஏழு வகை மதம் சொல்கிறார். மதம் என்றால் கொள்கை. முதலாவது உடன்படல். இரண்டாவதே மறுத்தல். மூன்றாவது, ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’: அடுத்தவர் சொன்னதை முதலில் ஏற்று, அப்புறம் களைந்தெறிவது. நீங்கள் ஒட்டியிருக்கும் ‘யெஸ், பட்’ அதுதான். சரக்கு நம் வீட்டிலேயே இருக்கிறது. வீட்டில் யாரும் அதை எடுக்க விடுவதில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு மறுக்கத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மாலையில் கபடி ஆடும்போது போய் நில்லுங்கள். ‘தொட்டுட்டேன்’, ‘தொடவே இல்ல’, ‘கோட்டத் தாண்டிட்ட’, ‘தாண்டலையே’. யாருக்கும் சார்ட் தேவைப்படுவதில்லை. நீங்கள் நடுவராக நின்று, வேண்டுமென்றே ஒரு தப்பான தீர்ப்புச் சொல்லுங்கள். ‘இல்ல மிஸ்!’ என்று அத்தனை பேரும் கத்துவார்கள். ஆங்கிலத்தில் கத்தினால் மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். ஒருவன் கத்தினால் போதும், உடனே மாற்றிவிடுங்கள்.