மண்ணைச் சோதிக்க வேண்டியவர் யார்?

கேள்வி: சிங்கப்பூரின் தெலுக் குராவில் உள்ள எங்கள் பழைய தரைவீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவிருக்கிறோம். மழை பெய்தால் பின்புறத்தில் தண்ணீர் வடிய வெகுநேரமாகிறது. மண்ணில் நீர் வடிவதைச் சோதிப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்கிறார் கட்டுமானக் குத்தகையாளர். அது குத்தகைத் தொகையிலேயே அடங்கும் என்கிறார் கட்டடக் கலைஞர். ஆஸ்திரேலியாவில் புறநகரில் வீடு கட்டிய என் மைத்துனரோ, அந்தச் சோதனை இல்லாமல் அங்கே அனுமதியே கிடைக்கவில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது அவருடைய ஊருக்குப் பொருந்தும். பொதுக் கழிவுநீர்க் குழாய் எட்டாத இடங்களில் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண்தான் உறிஞ்சியாக வேண்டும் என்பதால், குழியில் ஊற்றிய நீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அங்கே அளக்கிறார்கள். சிங்கப்பூரில் வாளிக் கழிப்பறை முறை 1987இல் முடிவுக்கு வந்தது. இன்று வீட்டுக் கழிவுநீர் பொதுக் குழாய்க்கே செல்கிறது. ஆகவே அந்தச் சோதனை உங்களுக்குத் தேவையில்லை.

உங்களுக்குத் தேவை, நிலத்தடி நீர்மட்டத்தையும் சேர்த்து அளக்கும் மண் ஆய்வு. அதற்கு உத்தரவிட்டுப் பணம் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான். எத்தனை இடங்களில், எவ்வளவு ஆழத்துக்குத் துளையிடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள் நியமிக்கும் நிபுணத்துவப் பொறியாளர். துளையிடும் நிறுவனம் அப்பணிக்கான சிறப்புக் கட்டுமான உரிமம் பெற்றதாக இருக்க வேண்டும். இதைக் குத்தகையாளர் தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அவர் வந்து சேர்வதற்குள் அடித்தள வடிவமைப்பு பெரும்பாலும் முடிந்திருக்கும். மேலும், தாம் விலை சொல்லிவிட்ட வேலைக்கு உகந்ததா என்பதைத் தாமே சோதிக்கும் நிலை அவருக்கும் நல்லதன்று.

அறிக்கை கைக்கு வந்ததும் துளைப் பதிவுத் தாளைப் பாருங்கள். மண்ணுக்குள் கம்பியை இறக்கத் தேவைப்பட்ட சுத்தியல் அடிகளின் எண்ணிக்கை அதில் இருக்கும். அது பூஜ்யம் என்றிருந்தால், கம்பி தன் எடையாலேயே இறங்குமளவுக்கு மண் இளகியது என்று பொருள். காலாங் ஆற்றுப் படுகையின் கடல் களிமண்ணில் இது அபூர்வமன்று. துளையிடும்போது தண்ணீரைப் பாய்ச்சுவதால் அன்றைய நீர்மட்டம் நம்பத்தக்கதன்று; மறுநாள் காலையிலோ அதன் பிறகோ அளந்த மட்டம் பதிவாகியுள்ளதா என்று பொறியாளரிடம் கேளுங்கள். கடல் களிமண் உள்ள இடத்தில் பள்ளம் தோண்டி நீரை இறைத்தால், ஒட்டியுள்ள பக்கத்து வீடு இறங்கிச் சுவர் விரிசல் காணக்கூடும் என்பதால் இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

பின்புறத்தில் தேங்கும் மழைநீர் வேறு கணக்கு. களிமண் நீரை உறிஞ்சாது என்று வைத்துக்கொண்டே, தரையின் சரிவையும் வீட்டு வடிகால்களையும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் (பியுபி) மேற்பரப்பு வடிகால் விதிமுறைகளுக்கு ஏற்ப வடிவமைப்பது, அந்தப் பணிக்கு நீங்கள் நியமித்த தகுதிபெற்ற வல்லுநரின் பொறுப்பு. கட்டுமானத்தின்போது சேற்றுநீர் பொதுக் கால்வாயில் கலக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும் முழுக்கக் குத்தகையாளருடையது. லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் திடப்பொருள் கலந்த நீரை அவர் வெளியேற்றக் கூடாது.

மண் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தால் கூடுதல் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். முழு வேலைக்கும் ஒரே விலை பேசும் மொத்தத் தொகை ஒப்பந்தம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் அந்தச் சுமை பொதுவாகக் குத்தகையாளர் மீதே விழும். அது தெரிந்த குத்தகையாளர், ‘மண் நிலை நீங்கலாக’ என்று விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில் சேர்த்திருப்பார். கையெழுத்திடும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.