மின் கார் கணக்கில் விடுபட்ட வட்டி

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். 2019-இல் வாங்கிய பெட்ரோல் காரின் ஏழாண்டுக் கடன் சென்ற மாதம் முடிந்தது. தவணை 11,000 ரூபாய். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். மின் காருக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான் ஆகிறது என்று மைத்துனர் வற்புறுத்துகிறார். 10 லட்சம் கடன் எடுத்து மாறலாமா? வீட்டுக்கடனும் இருப்பதால் அச்சமாக இருக்கிறது.

பதில்: வீட்டிலேயே சார்ஜ் செய்தால் மைத்துனர் சொல்லும் செலவு ஏறக்குறைய சரிதான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் உங்களுக்கு மாதம் 4,000 ரூபாய் செலவு வைக்கும். மின் காருக்கு 1,000 ரூபாய் போதும். மிச்சம் 3,000 ரூபாய்.

ஆனால் 10 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஏழாண்டுக்கு வாங்கினால் தவணை 16,000 ரூபாயைத் தாண்டும். மொத்த வட்டி மூன்றரை லட்சம், அதாவது மாதத்துக்குச் சராசரியாக 4,000 ரூபாய்க்கு மேல். பெட்ரோலில் மிச்சமாவதைக் காட்டிலும் வட்டியே அதிகம். அசலை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. உங்களைக் கெடுப்பது பெட்ரோல் அன்று, ஒரு தவணை முடிந்ததும் அந்தப் பணம் சும்மா கிடப்பதாக எண்ணி அடுத்த கடனைத் தேடும் பழக்கம்தான்.

கார் பழுதாகி எப்படியும் புதிது வாங்க வேண்டிய நிலை வந்தால் கணக்கு மாறும். ஒத்த பெட்ரோல் காரைவிட மின் கார் 3 லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 5 ரூபாய் மிச்சத்தில் அதை ஈடுகட்ட 60,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுபவருக்கு மூன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். உங்களுக்கோ எட்டாண்டுக்கு மேல் ஆகும், பல கார்களின் பேட்டரி உத்தரவாதமும் எட்டாண்டுதான். இரண்டு மாத மின் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே உயரும் என்பதையும் பாருங்கள்.

பேட்டரியை வாடகைக்குத் தந்து காரின் விலையைக் குறைத்துக் காட்டும் புதுத் திட்டங்களில் மயங்க வேண்டாம். வாடகை கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே, மின்சாரமும் சேர்ந்து 5 ரூபாய் ஆகிவிடும். பெட்ரோலுக்கே 7 ரூபாய்க்குள்தான்.

இருக்கும் காரை இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஓட்டுங்கள். 11,000 ரூபாயை மாதந்தோறும் வீட்டுக்கடன் அசலில் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடனாக இருந்தால் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது.