ஐசியூ வாசலில் நிற்பவர்களுக்கு: கேள்வி பதில்

மும்பையில் 24 வருடமாக ஐசியூ நர்ஸாக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் புற்றுநோயாளிகளோடுதான். தாராவி, சயான், செம்பூர், மாட்டுங்கா என்று நம்மவர்கள் கேட்டதற்கெல்லாம் இன்று உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து அளவு மட்டும் கேட்காதீர்கள்.

அம்மாவுக்கு ரத்தப் புற்று. கீமோ முடிந்து பத்தாம் நாள் 102 டிகிரி காய்ச்சல், பிரஷர் இறங்குகிறது. ஐசியூ என்கிறார்கள். கேன்சர்காரருக்கு ஐசியூ வீண் என்று சித்தப்பா தடுக்கிறார். (தாராவி)

தம்பி, இதைப் படித்து முடிப்பதற்கு முன்னால் சரி என்று சொல்லிவிடுங்கள். கீமோ போட்டு ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் வெள்ளணு அடிமட்டத்துக்குப் போகும். அதில் கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் என்ற வகை 500க்குக் கீழே போனால், நம் குடலிலேயே சும்மா கிடக்கும் கிருமிகூட ரத்தத்தில் ஏறிவிடும். பிரஷர் விழுவது அதனால்தான். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். பிரஷரைத் தூக்கிப்பிடிக்க நோர்அட்ரினலின் ஓடும். கவுண்ட் ஏறும்வரை உடம்பைத் தாங்கிப் பிடித்தால் போதும், பலர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பா சொல்வது வேறு நோயாளிகளுக்குப் பொருந்தலாம், இங்கே பொருந்தாது. கேன்சர் என்ற ஒரு சொல்லை வைத்து ஐசியூ வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுக்க முடியாது. டாக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஐசியூவில் எதைச் சரிசெய்யப் போகிறீர்கள்? அது சரியானால் அம்மா எந்த நிலைக்குத் திரும்புவார்?

அப்பாவுக்கு நுரையீரல் கேன்சர். எலும்புக்கும் மூளைக்கும் பரவி, கீமோவை நிறுத்திவிட்டார்கள். மூச்சுத் திணறினால் வென்டிலேட்டர் போடலாமா? அப்பாவிடம் டிபி என்று சொல்லி வைத்திருக்கிறோம். (செம்பூர்)

அதே இரண்டு கேள்விதான். இங்கே மூச்சை அடைப்பது கட்டியேதான் என்றால், வென்டிலேட்டர் குழாய் அதை ஒன்றும் செய்யாது. வாய் வழியாகக் குழாய் போனதும் பேச முடியாது. பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு மணிக்கட்டையும் காஸ் துணியால் கட்டில் கம்பியில் கட்டுவோம். கட்டுகிற கை என்னுடையது என்பதால் சொல்கிறேன். நீங்கள் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் பார்க்கலாம். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தும் சிபிஆரில் விலா எலும்பு முறிவது சகஜம், கேன்சர் அரித்த எலும்பு இன்னும் சீக்கிரம் முறியும்.

ஒருவேளை நிமோனியா போல ஏதாவது சரிசெய்யக்கூடியது இருந்தால், நாள் குறித்துப் பேசுங்கள். "மூன்று நாளோ ஐந்து நாளோ முயன்று பார்ப்போம், முன்னேற்றம் இல்லையென்றால் சிகிச்சையை மேலும் கூட்ட வேண்டாம்" என்று டாக்டரோடு பேசிக் கேஸ் பேப்பரில் எழுதச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லையென்றால் மார்ஃபின், ஆக்சிஜன், பக்கத்தில் பிள்ளைகள். மார்ஃபின் வலிக்கு மட்டுமல்ல, மூச்சுத் திணறலுக்கும் சரியான மருந்து. சரியான அளவில் கொடுத்தால் அது உயிரை எடுக்காது.

ஆனால் தங்கச்சி, இதையெல்லாம் அப்பாவிடமல்லவா கேட்க வேண்டும்? டிபி என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம் எப்படிக் கேட்பீர்கள்?

சிஸ்டர், சொன்னால் மூன்றே நாளில் மனசு உடைந்து போய்விடுவார். என் வீட்டுக்காரரிடம் கடைசிவரை சொல்லவில்லை. நிம்மதியாகப் போனார். (மாட்டுங்கா மாமி)

மாமி, உங்கள் வீட்டில் நடந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், வாயில் குழாய். விரலை அசைத்து அசைத்துப் பேனா கேட்டார். கட்டை அவிழ்த்து அட்டையில் பேப்பர் வைத்துக் கொடுத்தோம். எழுதியது தமிழ். டியூட்டியில் இருந்த மராத்திப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டாள். கோணல் எழுத்தில் "கேன்சரா?" என்று இருந்தது. வெளியே போய் மகனிடம் காட்டினேன். "இல்லைன்னு சொல்லிடுங்க சிஸ்டர்" என்றார். நான் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், ஒன்றும் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தெரியாமல் இல்லை மாமி, தனியாகத் தெரிந்துவைத்திருந்தார்.

மாமி சொல்வதுதான் நம் வழக்கம். வெள்ளைக்காரன் முறையை இங்கே திணிக்காதீர்கள். (சயான்)

போட்டு உடைக்கச் சொல்லவில்லை. "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க? டாக்டர் யார்கிட்ட பேசட்டும்?" என்று கேளுங்கள். "பெரியவன்கிட்டப் பேசுங்க, எனக்கு வேண்டாம்" என்றால் அது அவருடைய முடிவு, அங்கேயே நிறுத்திவிடலாம். கேட்காமலே அவருக்காக நாம் முடிவெடுப்பது எந்த ஊர் வழக்கமாக இருந்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேசக்கூடிய நாளில் பேசிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வராண்டாவில் நின்று கையெழுத்துப் போடும்போது யாருக்கும் தலை வேலை செய்யாது.

அக்கா, என் அம்மாவிடமும் சொல்லவில்லை. ஐந்து பேர் இதையே கேட்கிறோம். (முலுண்ட்)

மேலே எழுதியதேதான், தங்கச்சி. இனி இந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் எழுத மாட்டேன்.

வென்டிலேட்டரை எடுப்பது கொலை இல்லையா? அருணா கேஸில் கேஇஎம் நர்ஸுகளே எதிர்த்தார்களே?

அருணா ஷான்பாக் என் தொழில்காரி, மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரி நர்ஸ். 1973இல் தாக்கப்பட்டு மூளை பாதித்து, நினைவு திரும்பாமல் கிடந்த அவரை 2015இல் நிமோனியாவில் இறக்கும்வரை கேஇஎம் நர்ஸுகள்தான் பார்த்துக்கொண்டார்கள். அவர் சொந்தமாக மூச்சுவிட்டார், வென்டிலேட்டரில் இல்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தக் கேட்ட மனுவை ஏற்கவில்லை, ஆனால் மீளவே முடியாதவருக்கு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கும் வழியைத் திறந்தது. 2018இல் அது அரசியல் சட்ட அமர்வின் தீர்ப்பாகவே வந்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கினார்கள்: உயிர் உயிலை (மீள முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதி வைப்பது) இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரி முன் எழுதினால் போதும். உயில் இல்லையென்றாலும் குடும்பத்தின் ஒப்புதலோடு இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து முடிவெடுக்கலாம், மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். விஷ ஊசி வேறு. அதற்கு இங்கே அனுமதி இல்லை.

ஒரு நாள் ஐசியூவுக்கு எவ்வளவு ஆகும்?

இடத்துக்கு இடம் மாறும். தினமும் மாலை அன்றைய பில்லைக் கேட்டு வாங்குங்கள். இங்குள்ள தர்ம டிரஸ்ட் ஆஸ்பத்திரிகளில் 10 சதவீதப் படுக்கை ஏழைகளுக்கு இலவசம், இன்னொரு 10 சதவீதம் சலுகையில். சோஷியல் வொர்க்கரை முதல் நாளே பாருங்கள்.

எந்த கீமோ நல்லது? கருஞ்சீரகம் கொடுக்கலாமா?

இரண்டையும் கேன்சர் டாக்டரிடம் கேளுங்கள்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து வர இரண்டு நாள். அதுவரை வைத்திருக்கச் சொல்லலாமா?

சில சமயம் நாங்களே அப்படி வைத்திருக்கிறோம். வலியும் தவிப்பும் இல்லாமல் மயக்கத்தில் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், சிபிஆர் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். வீடியோ கால் போட்டு போனைக் காதருகே வையுங்கள். அண்ணன் பேசட்டும்.

அம்மா ஊருக்குப் போக வேண்டும் என்கிறாள், தூத்துக்குடிப் பக்கம். "சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம்" என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். (தாராவி, இன்னொருவர்)

அந்தக் கையெழுத்தை அவசரப்பட்டுப் போடாதீர்கள். அதைப் போட்டுவிட்டு மார்ஃபின் சீட்டுகூட இல்லாமல் வெறும் கையோடு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வலியையும் தவிப்பையும் தணிக்கும் பேலியேட்டிவ் டாக்டரைக் கூப்பிடச் சொல்லி, அவர் மூலம் டிஸ்சார்ஜ் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம், மாத்திரை, ஊரில் யாரைப் பார்ப்பது என்ற கடிதம் மூன்றும் கையில் வர வேண்டும். 1,500 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், அம்மா உட்காரும் நிலையில் இருக்கும்போதே கிளம்புங்கள். கடைசி நாளில் ஆம்புலன்ஸில் ஏற்றினால் வழியிலேயே போய்விடுவார்.

அந்தப் பயணம் முடியாதென்றால், பாந்த்ராவில் சாந்தி அவேத்னா சதன் இருக்கிறது. 1986இல் தொடங்கிய, நாட்டின் முதல் ஹாஸ்பிஸ், அதாவது கடைசி நாட்களில் வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம். முற்றிய புற்றுநோயாளிகளுக்காகவே நடத்துகிறார்கள், பணம் வாங்குவதில்லை. வீட்டில்தான் என்றால், தெருமுனை டாக்டரிடம் ஃபைலை இப்போதே காட்டி வையுங்கள். வீட்டில் நடக்கும் மரணத்துக்கு 4ஏ படிவத்தில் அவர் காரணம் எழுதித் தர வேண்டும். அறியாத நோயாளிக்கு எழுத அவர் தயங்குவார், அன்றைக்கு நீங்கள் அலைய முடியாது.